சமகால ஹார்ன் கான்செர்ட்டோவில் எல்லாமே சுருதி விலகியதுபோல் கேட்பது ஏன்?

ஹங்கேரியில் வளர்ந்த இசையமைப்பாளர் லிகெட்டியின் ஹாம்பர்க் கான்செர்ட்டோவை (ஹார்ன் என்ற பித்தளை ஊதுகருவியைத் தனிக் கலைஞர் ஆர்க்கெஸ்ட்ராவோடு வாசிக்கும் படைப்பு) கேட்டதாகவும், ஹார்ன்கள் சுருதி சேராமல் ஒலிப்பது வாசிப்பவர்களின் பிழையா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

பிழை இல்லை. எனக்கும் முதல் முறை அப்படித்தான் இருந்தது, இரண்டு நிமிடத்தில் நிறுத்திவிட்டேன். மோட்ஸார்ட்டின் ஹார்ன் கான்செர்ட்டோக்களை மட்டுமே கேட்டுப் பழகிய காது. ஹார்ன் எப்படி ஒலிக்கிறது என்று தெரிந்துகொண்ட பிறகுதான் திரும்பவும் அதனிடம் போனேன்.

வால்வு, அதாவது குழாயின் நீளத்தை மாற்றும் விசை, இல்லாத பழைய ஹார்ன் என்பது நீளமாகச் சுருட்டிய ஒரு குழாய், அவ்வளவுதான். உதட்டின் இறுக்கத்தை மாற்ற மாற்ற, அடிப்படை அதிர்வெண்ணின் 2 மடங்கு, 3 மடங்கு, 4 மடங்கு என்று ஸ்வரங்கள் வரிசையாகக் கிடைக்கும். இவற்றில் பல பியானோவோடு ஒத்துப்போகும். 7வது ஒத்துப்போகாது. பக்கத்துப் பக்கத்துக் கட்டைகளுக்கு இடையே 100 சென்ட் தூரம் என்றால், இது தனக்கு மிக அருகிலுள்ள கட்டையைவிட 31 சென்ட் தாழ்ந்து நிற்கும். 11வது இரண்டு கட்டைகளுக்குக் கிட்டத்தட்ட நட்டநடுவில் விழும். மோட்ஸார்ட் காலத்தில் ஹார்னின் விரிந்த வாய்க்குள் வலது கையை நுழைத்து இதைச் சரிசெய்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வால்வு வந்தது, அந்தத் தொல்லை பெரும்பாலும் தீர்ந்தது.

லிகெட்டி அந்த 7ஐயும் 11ஐயும் திருத்தாமல் அப்படியே ஊதச் சொல்கிறார்! முன்னால் நிற்கும் தனிக் கலைஞர் வால்வு ஹார்ன், வால்வு இல்லாத இயற்கை ஹார்ன் இரண்டையும் மாற்றி மாற்றி வாசிக்கிறார். ஆர்க்கெஸ்ட்ராவுக்குள் இன்னும் நான்கு இயற்கை ஹார்ன்கள். ஒவ்வொன்றுக்கும் அடிப்படைச் சுருதி வேறாகும்போது, ஒவ்வொரு ஸ்வரமும் தன் குழாய்க்குச் சரியாகவே இருக்கும், ஆனால் பக்கத்துக் குழாயின் ஸ்வரத்தோடு இடிக்கும். அந்த இடியில் பிறக்கும் நிறம்தான் இந்த இசையின் உயிர் என்று நினைக்கிறேன். பியானோவில் எவ்வளவு தேடினாலும் அது அகப்படாது.

2001இல் ஹாம்பர்க்கில் மரீ-லூயிஸ் நொயினெக்கர் இதை முதலில் வாசித்தார். ஏழாவது பகுதியை லிகெட்டி அதற்குப் பிறகு சேர்த்தார். மொத்தமே கால் மணி நேரம்தான், ஒவ்வொரு பகுதியும் குட்டி.

முதலிலிருந்து தொடங்காதீர்கள். இரண்டாம் பகுதியின் 'சிக்னாலெ'யைப் போடுங்கள். வேட்டைக் கொம்பின் அழைப்புகள் போல இருப்பதால் காது பிடித்துக்கொள்ள ஏதோ ஒன்று கிடைக்கும். அப்புறம் ஐந்தாம் பகுதியான 'ஸ்பெக்ட்ரா'வுக்குப் போங்கள். ஹெட்ஃபோன் இருந்தால் நல்லது. இரண்டு மூன்று முறை கேட்டதும் அந்தத் தாழ்ந்த 7வது ஸ்வரத்துக்காக என் காது காத்திருக்க ஆரம்பித்தது.

இது பழகியபின் டேனிஷ் இசையமைப்பாளர் ஹான்ஸ் ஆப்ரஹாம்சனின் ஹார்ன் கான்செர்ட்டோவையும் கேளுங்கள். 2020 ஜனவரியில் பெர்லின் ஃபில்ஹார்மோனிக்குடன் ஸ்டீஃபன் டோர் முதலில் வாசித்தது. ஆப்ரஹாம்சனே இளமையில் ஹார்ன் வாசித்தவர், அந்த நெருக்கம் மெதுவான இடங்களில் நன்றாகவே கேட்கிறது.