ரங்குப்பெட்டிக்குள் கிடந்த பதக்கங்கள்: அம்மப்பா வீரப்பதக்கம் பெற்றவரா?

கேள்வி: களுவாஞ்சிகுடியில் அம்மப்பாவின் ரங்குப்பெட்டியைத் துப்புரவாக்கியபோது இரண்டு நட்சத்திரப் பதக்கங்களும், நாடாவில் சிறிய இலை குத்திய வட்டப் பதக்கம் ஒன்றும் கிடைத்தன. ஹேர்ம்ஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கியபோது ஆட்களைக் காப்பாற்றியதற்காகக் கொடுத்தவை என்று அம்மம்மா சொல்லுவார். எதிலும் பெயர் இல்லை. இவை வீரப்பதக்கங்கள்தானா? புளி போட்டு மினுக்கலாமா?

பதில்: முதலில் புளியை எடுத்து வைத்துவிடுங்கள். பொங்கலுக்குக் குத்துவிளக்கு மினுக்குவதுபோல் தேய்த்தால் எழுத்து மழுங்கும், நாடாவின் சாயமும் கெடும். உலர்ந்த பருத்தித் துணியால் தூசியைத் துடைத்தாலே போதும்.

நீங்கள் அனுப்பிய படங்களில் ஆறு முனைகளோடு இருப்பவை 1939–45 ஸ்டாரும் ஆபிரிக்கா ஸ்டாரும். பின்புறத்தில் இரட்டைத்தலை டிராகனின்மேல் சிங்கம் நிற்கும் வட்டப் பதக்கம் 1939–45 போர்ப் பதக்கம். மூன்றுமே சேவைக்காகக் கொடுக்கப்பட்டவை, தனிப்பட்ட வீரச்செயலுக்காக அல்ல. ஆபிரிக்கா ஸ்டார் 1940 ஜூன் 10 முதல் 1943 மே 12 வரை வட ஆபிரிக்கப் போர்முனையில் ஒரு நாளேனும் பணியாற்றிய படைவீரருக்கு உரியது; 1942 ஏப்ரல் 9 ஆம் திகதி மட்டக்களப்புக் கடலில் யப்பானிய விமானங்கள் மூழ்கடித்த ஹேர்ம்ஸுக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஆனாலும் அம்மம்மாவைப் பொய்யர் என்று எண்ணிவிடாதீர்கள். ஒரே காலத்து இரண்டு நினைவுகள் வீட்டுப் பேச்சில் ஒன்றாகிவிடுவதுண்டு. பிரித்தானியப் படையின் உடலுழைப்புப் பிரிவான பயனியர் கோரில் சேர்ந்து மத்திய கிழக்குக்குப் போன இலங்கையரும் இருந்தார்கள்.

பெயர் இல்லாததைக் கண்டு சந்தேகப்பட வேண்டாம். இரண்டாம் உலகப் போரின் சேவைப் பதக்கங்களை ஆஸ்திரேலியாவும் தென்னாபிரிக்காவும் பெயர் பொறித்துக் கொடுத்தன. பிரித்தானியா வெறுமையாகவே கொடுத்தது. இதற்கு மாறாக, மிலிட்டரி மெடல் போன்ற வீரப்பதக்கத்தின் விளிம்பில் பெற்றவரின் படை எண், பெயர், படைப்பிரிவு ஆகியன பொறிக்கப்பட்டிருக்கும்.

இனி அந்த இலை. உடைந்த புரோச் என்று நினைத்து எறிந்துவிடாமல் வைத்திருந்தது நல்லதாயிற்று. வெண்கலத்தாலான அந்த ஓக் இலை, தளபதி மேலிடத்துக்கு அனுப்பிய அறிக்கையில் துணிவுக்காகவோ சிறந்த சேவைக்காகவோ பெயர் குறிப்பிடப்பட்டவர் போர்ப் பதக்கத்தின் நாடாவில் அணியும் சின்னம். தனிப் பதக்கம் இல்லையெனினும், உங்கள் கேள்விக்கு மிக அருகில் வருவது அதுதான். இருந்தாலும், இலையை யாரும் வாங்கிக் குத்தலாம் என்பதால் பிரித்தானிய அரசிதழான லண்டன் கசெட்டில் வெளியான பெயரே சான்றாகும். கசெட்டை இணையத்தில் இலவசமாகத் தேடலாம். தமிழ்ப் பெயரை அக்காலத்து எழுத்தர் எப்படி வேண்டுமானாலும் எழுதியிருப்பார், தகப்பன் பெயரைக் குடும்பப் பெயராக்கியும் இருப்பார். ஆகவே பெயரைவிடப் படை எண்ணைக் கொண்டு தேடுவதே புத்தி. கசெட்டில் பெயர்ப்பட்டியல் மட்டுமே இருக்கும், செயல் இராது. பரிந்துரைத் தாள் எஞ்சியிருந்தால் அது லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் டபிள்யூ.ஓ. 373 தொகுதியில் இருக்கும்.

படை எண்ணுக்காக ரங்குப்பெட்டியை மீண்டும் பாருங்கள். சம்பளப் புத்தகமோ விடுவிப்புச் சான்றிதழோ இருந்தால் அதில் எண் இருக்கும். பதக்கங்கள் தபாலில் வந்த சிறிய அட்டைப்பெட்டி கிடைத்தால், மூடியில் பெறுநரின் பெயரும் விலாசமும் இருக்கக்கூடும். பெயரில்லாத பதக்கங்களை அம்மப்பாவோடு இணைக்கும் தாள் அது ஒன்றுதான் என்பதால், செல்லரித்திருந்தாலும் அதையும் பதக்கங்களோடு சேர்த்தே வையுங்கள்.