முதல் பக்கத்தை யார் எழுதுகிறார் என்று பாருங்கள்

கேள்வி: பொலிசாரும் நீதிமன்றங்களும் இனம், வயது, பால் பார்த்து ஆட்களை வெவ்வேறு விதமாக நடத்துவது உண்மையா, அல்லது வெறும் தோற்றப்பாடா?

"தோற்றப்பாடா" என்ற அந்த ஒரு சொல்லுக்காகத்தான் இரவு பதினொரு மணிக்குத் தையல் மெஷினை மூடி வைத்துவிட்டு இதை எழுதுகிறேன். நீங்கள் சட்டம் படிக்கும் பிள்ளையாக இருக்க வேண்டும். பொலிஸ் நிலையத்தின் வாங்கில் ஒரு மணித்தியாலம் காத்திருந்தவர் இந்தச் சொல்லைப் பாவிக்கமாட்டார்.

உண்மைதான், வேறு விதமாகத்தான் நடத்துகிறார்கள். ஆனால் எல்லோரும் நீதிபதி தீர்ப்பு வாசிக்கும் இடத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நான் கண்டது அதற்கு வெகு நாட்களுக்கு முன்னர், முறைப்பாடு எழுதும் மேசையில். அந்த முதல் பக்கத்தில் என்ன எழுதப்படுகிறதோ அதுதான் கடைசிவரை கூட வருகிறது.

2018 பங்குனி மாதம். யாழ்ப்பாணத்தில் உள்ள எங்கள் திருநெல்வேலிச் சந்தையில் மரக்கறி வாங்கிக்கொண்டு சைக்கிளில் வந்தேன். எங்கள் ஒழுங்கைக்குத் திரும்பும் இடத்தில், பின்னால் மோட்டார் சைக்கிளில் வந்த இருவரில் ஒருவன் என் சங்கிலியைப் பிடித்து இழுத்தான். மூன்று பவுண். அது உடனே அறவில்லை. என்னையும் சைக்கிளோடு இழுத்து விழுத்திய பிறகே அறுந்தது. கழுத்தைச் சுற்றி இரத்தக் கோடு, முழங்கையில் தோல் இல்லை. வாங்கிய கத்தரிக்காய் எல்லாம் வீதியில் உருண்டு கிடந்தது.

என் கணவர் அப்போது கட்டாரில் வேலை செய்தார். அவருடைய தந்தையும் என் மகனும் என்னைப் பொலிஸ் நிலையத்துக்குக் கூட்டிச் சென்றார்கள். எந்த நிலையம் என்று எழுதமாட்டேன். அன்று அங்கே இருந்தவர்கள் இடம் மாறிப் போய்விட்டார்கள், இப்போது இருப்பவர்கள்மேல் பழி போட நான் விரும்பவில்லை.

மாமா ஓய்வுபெற்ற ஆசிரியர், வயது எழுபத்து நான்கு. வெள்ளை வேட்டியையும் நரைத்த தலையையும் கண்டதும் அவருக்குக் கதிரை வந்தது. என்ன நடந்தது என்று அவரிடம்தான் கேட்டார்கள். அவர் எதையும் பார்க்கவில்லை. "மருமகளைக் கேளுங்கள், அவளுடைய கழுத்தில் இருந்த சங்கிலி" என்று மாமா இரண்டு தடவை சொன்ன பிறகே சார்ஜன்ட் என் பக்கம் திரும்பினார். என்னிடம் கேட்ட முதற் கேள்வி, கணவர் எங்கே என்பது. அடுத்தது, இவ்வளவு நகையைப் போட்டுக்கொண்டு ஏன் தனியாகப் போனீர்கள் என்பது. எத்தனை மணிக்கு நடந்தது என்று மூன்றாவதாகத்தான் கேட்டார்.

இதே நேரம் மகனை முற்றத்திலேயே மறித்துவிட்டார்கள். அவனுக்கு வயது பத்தொன்பது. உயர்தர முடிவு வந்து, பல்கலைக்கழக வெட்டுப்புள்ளிக்காகக் காத்திருந்தான். வாள்வெட்டுக் கும்பல்களைத் தேடி, மோட்டார் சைக்கிளில் போகும் இளைஞர்களை எல்லாம் நிறுத்திக்கொண்டிருந்த காலம் அது. அடையாள அட்டையையும் தொலைபேசியையும் வாங்கிவிட்டு, சட்டையைத் தூக்கச் சொல்லித் தழும்பு இருக்கிறதா, பச்சை குத்தியிருக்கிறதா என்று பார்த்தார்கள். தாடியை ஏன் இப்படி விட்டிருக்கிறாய் என்றார்கள். தாயின் கழுத்தில் இரத்தம் காயவில்லை, பிள்ளை அதற்குள் சந்தேகநபர். சட்டையைத் தூக்கச் சொன்னவர் தமிழர். அதை நான் மறைக்கவில்லை. எல்லாவற்றையும் இனத்தால் மட்டும் அளப்பவர்களுக்கு இந்த இடம் இடிக்கும், எனக்கும் இடித்தது.

இனம் வேறு வழியால் வந்தது. நான் தமிழில் சொன்னேன், சார்ஜன்ட் சிங்களத்தில் எழுதினார். ஒரு பக்கம் நிறைந்ததும் புத்தகத்தைத் திருப்பி, கையொப்பத்துக்குப் பேனையை நீட்டினார். வாசித்துக் காட்டுங்கள் என்றேன். அவருடைய முகம் மாறியது. மாமாகூட, "வைத்துவிடு பிள்ளை, போவோம்" என்றார். அப்போது பக்கத்து மேசையில் இருந்த ஒரு பெண் கான்ஸ்டபிள் எழுந்து வந்தார். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. குருநாகல் பக்கத்துச் சிங்களப் பிள்ளை, பயிற்சியில் தமிழ் படித்தவர். வரியின் கீழே விரலை வைத்து, தட்டுத் தடுமாறி, ஒவ்வொரு சொல்லாகத் தமிழில் சொன்னார். வீதியால் போகும்போது என் சங்கிலி கழன்று விழுந்து தொலைந்துவிட்டதாம். அப்படித்தான் அந்தப் பக்கத்தில் இருந்தது.

பறித்தார்கள் என்றால் குற்றம். நீதவானுக்கு அறிக்கை போக வேண்டும், ஆளைத் தேட வேண்டும். தொலைந்தது என்றால் அந்தப் பக்கத்தோடு வேலை முடிந்தது. மொழி விளங்காமல் பிழையாக எழுதுப்பட்டுவிட்டது என்றார் சார்ஜன்ட். என் கழுத்தைப் பார்த்துக்கொண்டு எழுதும்போது எப்படிப் பிழை வரும் என்று கேட்டேன். பதில் இல்லை. நான் கையொப்பம் வைக்கவில்லை. மறுநாள் போய் அந்தப் பெண் பிள்ளையிடமே தமிழில் புதிதாக எழுதுவித்தேன். வடக்கு, கிழக்கில் தமிழ் நிர்வாக மொழி என்பது அரசியலமைப்பில் இருக்கிறது. 1988இல் வந்த 16ஆவது திருத்தம் அதை விரித்துச் சொல்கிறது. ஆகவே எனக்கு யாரும் தயவு செய்யவில்லை. ஆனாலும் அன்று அந்தப் பிள்ளை விடுமுறையில் நின்றிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று இப்போதும் நினைப்பதுண்டு.

"ஒரு சங்கிலிக் கதையை வைத்து ஒரு நாட்டையே எடை போடலாமா" என்று கீழே எழுத வருபவர்களுக்கு: எடை போடவில்லை. ஆனால் சிங்கராசா வழக்கைத் தேடி வாசியுங்கள். பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் எடுக்கப்பட்ட குற்ற ஒப்புதல் வாக்குமூலம் சிங்களத்தில் தட்டச்சு செய்யப்பட்டிருந்தது. அதை வாசிக்கத் தெரியாத அந்தத் தமிழரின் பெருவிரல் அடையாளம்தான் கீழே இருந்தது. வற்புறுத்தி எடுத்தார்கள் என்றால் அதை நிரூபிக்க வேண்டியவரும் அவரே. அந்தச் சட்டம் அப்படி. அந்தத் தாளை வைத்து 1995இல் கொழும்பு மேல் நீதிமன்றம் 50 ஆண்டுச் சிறை விதித்தது. மேன்முறையீட்டில் 35 ஆகக் குறைந்தது. அவருக்கு நியாயமான விசாரணை கிடைக்கவில்லை என்று 2004இல் ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழு சொன்னது. ஆனாலும் 2006இல், நாட்டின் மிக மேலான நீதிமன்றமான எங்கள் உயர் நீதிமன்றம் தீர்ப்பை மாற்ற மறுத்துவிட்டது. என்னுடையது ஒரு சங்கிலி, அவருடையது ஒரு ஆயுள். மேசை ஒன்றுதான்.

குளப்பிட்டியில் நடந்ததை யாழ்ப்பாணத்தவர் மறக்கமாட்டார்கள். 2016 ஐப்பசியில் பல்கலைக்கழக மாணவர்கள் இருவர் இரவில் மோட்டார் சைக்கிளில் வந்தபோது இறந்தார்கள். முதலில் வெளிவந்தது வீதி விபத்து என்ற கதை. உடலில் துப்பாக்கிச் சூட்டுக் காயம் தெரிந்த பிறகுதான் ஐந்து பொலிசார் கைதானார்கள். இரண்டு இளம் பையன்கள், இரவு நேரம், மோட்டார் சைக்கிள். என் மகன் முற்றத்தில் நின்ற கோலம் எனக்கு ஏன் அப்படி உறைத்தது என்று இப்போது விளங்கும்.

நீதிமன்றங்களில் இனம் இல்லையா என்றால், மிருசுவில் வழக்கைச் சொல்வேன். 2000 மார்கழியில் அங்கே எட்டுத் தமிழ்ப் பொதுமக்கள் கொல்லப்பட்டார்கள். அவர்களில் ஐந்து வயதுக் குழந்தையும் இருந்தது. 2015இல் ஒரு இராணுவச் சார்ஜன்டுக்கு மரண தண்டனை விதித்தார்கள், 2019இல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. இரண்டு இடத்திலும் நீதிபதிகள் தங்கள் வேலையைச் செய்தார்கள், அதை நான் மதிக்கிறேன். 2020 பங்குனியில் ஜனாதிபதி பொது மன்னிப்புக் கொடுத்து அவரை விடுவித்தார். பதினைந்து ஆண்டு காத்திருந்து பெற்ற தீர்ப்பை ஒரு கையொப்பம் கழுவிவிட்டது. பாதிக்கப்பட்டவர்கள் சிங்களக் கிராமத்தவர்களாக இருந்திருந்தால் அந்தக் கையொப்பம் விழுந்திருக்குமா? விழுந்திருக்காது என்பதே என் எண்ணம்.

என் வழக்குக்குத் திரும்புகிறேன். நான்கு மாதம் கழித்து வேறொரு வழக்கில் பிடிபட்ட இருவரை அடையாள அணிவகுப்பில் நிறுத்தினார்கள். ஒருவனை நான் அடையாளம் காட்டினேன். அவனுக்கும் பத்தொன்பது வயது. நீதவான் தமிழில் பேசினார், தமிழில் பதிந்தார்கள், எனக்குக் கதிரை கொடுக்கச் சொன்னார். அங்கே ஒரு குறையும் சொல்லமாட்டேன். ஆனால் குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்புச் சட்டத்தரணி ஒரு தாளை எடுத்தார். "முதல் நாள் சங்கிலி தொலைந்தது என்றுதானே பொலிசில் சொன்னீர்கள்?" நான் கையொப்பமிட மறுத்த அந்தப் பதிவு புத்தகத்தில் அப்படியே இருந்திருக்கிறது. கூண்டில் நின்று, நான் பொய் சொல்லவில்லை என்று நான்தான் விளக்க வேண்டியிருந்தது, அதை எழுதியவர் அல்ல.

நீங்கள் கேட்காத ஒன்றையும் அங்கே கண்டேன். இருவரில் ஒருவனுக்கு வீட்டார் சட்டத்தரணி பிடித்தார்கள், பிணையில் போய்விட்டான். மற்றவனுக்கும் பிணை கிடைத்தது, ஆனால் பிணையாளியாக நிற்க ஆள் இல்லை. மீன் விற்கும் தாய் ஒவ்வொரு தவணைக்கும் வந்து மரத்தின் கீழே நிற்பார். என் சங்கிலியை அறுத்தவனின் தாய். அவரைப் பார்க்க எனக்கு மனம் பொறுக்கவில்லை.

பெண் என்பதால் சட்டமே எப்படி நடத்தும் என்பதற்கு இதைவிடப் பெரிய கதை வீட்டில் இருக்கிறது. என் அம்மா சீதனமாகத் தந்த இரண்டு பரப்புக் காணியை மகனின் படிப்புக்காக விற்கப் போனேன். கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்றார் நொத்தாரிசு. தேசவழமைக்கு, அதாவது யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டத்துக்கு, உட்பட்ட பெண்களுக்கு 1911ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் அப்படிச் சொல்கிறது. என் கணவர் தன் காணியை விற்க என் சம்மதம் தேவையில்லை. அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை பால் வேறுபாடு கூடாது என்கிறது. 16ஆம் உறுப்புரையோ பழைய சட்டங்கள் அதோடு முரண்பட்டாலும் செல்லும் என்கிறது. கட்டாரிலிருந்து தத்துவப் பத்திரம், அதாவது அவருடைய சார்பில் செயற்பட அதிகாரம் தரும் பத்திரம், வந்து சேர மூன்று மாதம். இதைச் சொன்னால் எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்குக் கோபம் வருகிறது. சிங்களத்தில் எழுதியதற்கு என்னோடு சேர்ந்து கொதித்த அதே ஆட்கள், இது எங்கள் பண்பாடு என்கிறார்கள். என் அம்மாவின் காணி அது. கணவர் நல்லவர், உடனே கையொப்பம் வைத்தார். நல்லவராக இல்லாத ஆண்களைக் கட்டிய பெண்கள் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போக வேண்டும்.

உங்களுக்கோ உங்கள் வீட்டாருக்கோ ஏதோ நடந்துதான் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறீர்கள் என்றால், மற்றதை எல்லாம் விட்டுவிட்டு நாளைப் பாருங்கள். பொலிசார் பாகுபாடு காட்டினார்கள் என்று உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுப் போட அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரை தரும் காலம் ஒரு மாதம். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் நாட்கள் கணக்கில் சேராது. யாழ்ப்பாணத்திலேயே அவர்களுடைய அலுவலகம் இருக்கிறது. முறைப்பாட்டின் பிரதியைக் கேட்டு வாங்குங்கள், வாசிக்கத் தெரிந்த ஒருவரைக் கூட்டிச் செல்லுங்கள். எனக்கு இதை ஒரு சட்டத்தரணி சொன்னபோது, மகன் அந்த முற்றத்தில் சட்டையைத் தூக்கிக்கொண்டு நின்று நாற்பத்திரண்டு நாட்கள் ஆகியிருந்தன.