"விளங்கிச்சுதோ?" என்று கேட்காதீர்கள்: வீட்டுக்குப் போகும் நோயாளிக்கு மருந்தைச் சொல்லிக்கொடுப்பது எப்படி?

யாழ்ப்பாணத்தில் தாதியர் பயிற்சியில் இருக்கும் ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "துண்டு வெட்டி வீட்டுக்குப் போகிறவர்களுக்கு மருந்துகளை ஒவ்வொன்றாக விளங்கப்படுத்துகிறேன். எல்லாரும் 'ஓம் மிஸ், விளங்கிச்சு' என்று தலையாட்டுகிறார்கள். பிறகு சிலர் குளிசையைப் பிழையாகப் போட்டு, அதே வாட்டுக்குத் திரும்பி வருகிறார்கள். ஓராளுக்கு எனக்குக் கிடைப்பது ஐந்து நிமிடம். அதற்குள் என்ன சொல்ல வேண்டும்?"

பிள்ளை, நீங்கள் சொல்வதைக் குறையுங்கள், அவரைச் சொல்ல வையுங்கள். 'ஓம்' என்று பதில் வரக்கூடிய எந்தக் கேள்வியாலும் ஒன்றையும் சரிபார்க்க முடியாது. மிஸ்ஸுக்கு முன்னால் 'விளங்கேல்லை' என்று சொல்ல நம் ஆட்களுக்குக் கூச்சம். வீட்டுக்குப் போகும் அவசரம் வேறு. அதனால் குளிசைக் கவரை அவர் கையிலேயே கொடுத்துவிட்டு இப்படிக் கேளுங்கள்: "நான் சரியாகச் சொன்னேனோ என்று பார்க்க வேணும், அம்மா. நாளைக்குக் காலமை எழும்பினதும் இதில் எதை, எத்தனை போடுவீங்கள்? எடுத்துக் காட்டுங்கோ." அவர் கவரைப் பிரிக்கும்போதே பாதி விஷயம் தெரிந்துவிடும். கவரில் இருப்பதை வாசிக்க முடிகிறதா, அரைக் குளிசை என்றால் எப்படி உடைக்கிறார், கை நடுங்குகிறதா என்று பாருங்கள். பிழையாகச் சொன்னால் திருத்திவிட்டு, திரும்பவும் சொல்ல வையுங்கள்.

வாட்டில் மருந்து கொடுக்கும்போதும் இதே முறைதான். "நீங்கள்தானே இராசம்மா?" என்று கேட்டால் காது மந்தமானவரும் ஓம் என்பார், அரைத் தூக்கத்தில் இருப்பவரும் ஓம் என்பார். பெயரைச் சொல்லச் சொல்லி டிக்கெட்டோடு (வாட்டில் அவருடைய விபரம் எழுதும் பதிவு) ஒப்பிடுங்கள். சரியான ஆள், மருந்து, அளவு, வழி, நேரம் என்று படித்திருப்பீர்கள். அந்த ஐந்தையும் பார்த்துக்கொண்டே, ஒவ்வொரு முறையும் குளிசையைக் கையில் வைக்கும்போது ஒரு வரி சொல்லுங்கள்: "இது பிறஷருக்கு." நாலு நாள் அப்படிக் கேட்டவர், ஐந்தாம் நாள் "மிஸ், நேற்று இது வெள்ளையாய் இருந்ததே" என்பார். அப்படிச் சொன்னால் கொடுக்காமல் நிறுத்தி, மருந்து அட்டையைத் திரும்பப் பாருங்கள். குளிசை வேறு கம்பனியுடையதாக இருக்கலாம், பிழையான குளிசையாகவும் இருக்கலாம். பார்க்காமல் "அது ஒண்டும் இல்லை" என்று சொல்லக் கூடாது.

இனி அந்த ஐந்து நிமிடம். எட்டு மருந்தையும் ஒரே அளவாகச் சொல்லப் போனால் ஒன்றும் மனதில் நிற்காது. பிழைத்தால் ஆளைக் கொல்லக்கூடியது எது என்று பார்த்து, நேரத்தில் பாதியை அதற்குக் கொடுங்கள்.

மூட்டுவாதத்துக்குக் கொடுக்கும் மெதோட்ரெக்சேற் வாரத்துக்கு ஒருமுறை போடுவது. மற்றக் குளிசைகளைப் போல நாளாந்தம் போட்டு எலும்பு மச்சை பாதிக்கப்பட்டு இறந்தவர்கள் உலகெங்கும் உண்டு. இதோடு கொடுக்கும் ஃபோலிக் அசிட்டும் பெரும்பாலும் இதைப்போலவே சின்ன மஞ்சள் குளிசை. "கிழமைக்கு ஒண்டு" என்று மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள். வைத்தியர் எழுதிய நாள் ஞாயிறா, திங்களா என்று கவரில் பெரிதாகத் தமிழில் எழுதுங்கள். பிறகு "ஞாயிற்றுக்கிழமை போட்டால் அடுத்தது எப்ப?" என்று கேளுங்கள். "திங்கள்" என்று வந்தால், அந்தப் பிழையைப் பிடித்து நீங்கள் ஒரு உயிரைக் காப்பாற்றியிருக்கிறீர்கள். வாய்ப்புண், காய்ச்சல், தொண்டைநோ வந்தால் அடுத்த கிளினிக் வரை பொறுக்காமல் உடனே வரச் சொல்லுங்கள்.

சீனி வருத்தத்துக்கு இன்சுலினோ, சீனியை இறக்கும் குளிசையான கிளிக்லசைட்டோ எடுப்பவரிடம் கட்டாயம் விரதத்தைப் பற்றிக் கேளுங்கள். நல்லூர்த் திருவிழா 25 நாள், கந்தசஷ்டி 6 நாள், அதற்கு மேல் வெள்ளிக்கிழமைகள். காலமைக் குளிசையைப் போட்டுவிட்டு மத்தியானம் வரை வெறும் வயிற்றோடு வெயிலில் நிற்கும் அம்மாமார் எத்தனை பேர்! "விரதம் பிடியாதையுங்கோ" என்று சொன்னால் பிடிப்பார்கள், உங்களிடம் சொல்ல மாட்டார்கள். "எந்த நாளில் விரதம், என்ன நேரம் சாப்பிடுவீங்கள்?" என்று மரியாதையாகக் கேட்டு, திருவிழா தொடங்க முன்னமே கிளினிக்கில் சொல்லி அளவை மாற்றச் சொல்லுங்கள். வியர்வை, நடுக்கம், தலைச்சுற்று, தடுமாற்றம் வந்தால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். 15 நிமிடத்தில் சரிவராவிட்டால் இன்னொரு முறை குடித்து, பிறகு சாப்பிட வேண்டும். கிளிக்லசைட்டால் இறங்கிய சீனி சில மணித்தியாலத்தில் திரும்பவும் இறங்கலாம். ஆகவே தெளிந்துவிட்டார் என்று வீட்டில் இருக்காமல் ஆஸ்பத்திரிக்கு வரத்தான் வேண்டும். மயங்கிக் கிடப்பவருக்கு வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 1990 அம்புலன்சுக்கு அடிக்க வேண்டும். இதை நோயாளியோடு நில்லாமல் வீட்டாளுக்கும் சொல்லுங்கள். மயங்கிய ஆள் ஃபோன் எடுக்கப்போவதில்லை.

இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவருக்கு ஒன்று: முழங்கால் நோவுக்குப் பார்மசியில் டைக்ளோஃபெனக் கேட்டு வாங்கவே கூடாது. இரத்தம் கசியும். வல்லாரை, முருங்கையிலையை விடத் தேவையில்லை, ஆனால் ஒரு கிழமை நிறையவும் அடுத்த கிழமை ஒன்றுமில்லாமலும் என்று மாற்றக் கூடாது. ஒரு நேரக் குளிசையை மறந்தால் அன்றைக்குள் போடலாம். அடுத்த நாள் இரண்டாகப் போடக் கூடாது.

அப்புறம், வீட்டில் இருக்கும் பழைய குளிசைப் பை. அதை உறவுக்காரர் மூலம் எடுப்பித்துப் பாருங்கள், கட்டிலில் கொட்டிப் பாருங்கள். ஆஸ்பத்திரிக் கவரில் பிறஷருக்கான லோசார்டன், தனியார் பார்மசி அட்டையில் வேறு பெயரில் அதே லோசார்டன். நாம் கொடுத்த பரசிற்றமோல், அதோடு கடையில் வாங்கிய பனடோல்; இரண்டும் ஒரே மருந்துதான். வளர்ந்த ஆளுக்கு 500 மில்லிகிராமில் நாளுக்கு எட்டுத்தான் உச்சம், மெலிந்த வயோதிபருக்கு அதிலும் குறைவு. கனடாவிலிருந்து மகன் அனுப்பிய போத்தலும் அந்தப் பைக்குள் இருக்கும். ஏச வேண்டாம். ஏசினால் அடுத்தமுறை பை வராது.

இன்னொரு விஷயம், குளிசை எடுத்துக் கொடுப்பது யார் என்று கேளுங்கள். பல வீடுகளில் அது மருமகள், அல்லது பள்ளிக்கூடம் போகும் பேரப்பிள்ளை. அப்படியென்றால் நீங்கள் சொல்லிக்கொடுக்க வேண்டியதும், திரும்பச் சொல்ல வைக்க வேண்டியதும் அந்த ஆளைத்தான். அவர் வாட்டுக்கு வரவில்லையென்றால், போகமுன் ஃபோனிலாவது கூப்பிட்டுச் சொல்லுங்கள். எல்லாம் முடிந்ததும் டிக்கெட்டில் "மருந்து விளக்கப்பட்டது" என்று மட்டும் எழுதாமல், எந்த மருந்தைச் சரியாகத் திரும்பச் சொன்னார், எதில் தடுமாறினார் என்று எழுதுங்கள். தடுமாறியதைக் கிளினிக் கொப்பியிலும் குறித்துவிட்டால், அடுத்த மாதம் கிளினிக்கில் இருக்கும் தாதி அந்த இடத்திலிருந்து தொடங்கலாம்.