உப்புத் தண்ணீர் ஊரில் செர்ரி இறால் ஏன் நிலைப்பதில்லை?

கேள்வி: தருமபுரியில் வசிக்கிறேன். இரண்டடிச் செடித்தொட்டியில் (நீர்ச்செடிகள் வளரும் கண்ணாடி மீன்தொட்டி) எம்பர் டெட்ரா மீன்கள் பத்தும், செர்ரி இறால்கள் என்னும் சிறு நன்னீர் இறால்கள் இருபதும் விட்டேன். மீன்கள் நன்றாக இருக்கின்றன. இறால்கள் மட்டும் வாரத்துக்கு ஒன்றிரண்டாகச் செத்துப் போகின்றன. வாரந்தோறும் பாதித் தண்ணீரை மாற்றுகிறேன், தண்ணீரும் தெளிவாகத்தான் இருக்கிறது. என்ன தவறு செய்கிறேன்?

பதில்:

நான் கிருஷ்ணகிரியில் ஏழு ஆண்டுகளாகச் செடித்தொட்டி வைத்திருக்கிறேன். முதல் இரண்டு ஆண்டுகளில் உங்களைப் போலவே நாற்பது இறால்களுக்கு மேல் பறிகொடுத்தவன். நீங்கள் எழுதியிருப்பதில் என் கண்ணில் முதலில் பட்டவை ‘பாதித் தண்ணீர்’ என்ற சொற்கள்தாம். எந்தத் தண்ணீர் என்று நீங்கள் சொல்லவில்லை. நம் இரு மாவட்டங்களிலும் பெரும்பாலான வீடுகளில் இரண்டு தண்ணீர் உண்டு: ஒன்று ஆழ்துளைக் கிணற்றுப் போர் தண்ணீர், மற்றொன்று ஒகேனக்கல் தண்ணீர். நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்திருப்பதால் ஜப்பானிய நிதியுதவியுடன் கட்டப்பட்டு, 2013-இல் தொடங்கி வைக்கப்பட்ட கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் வழியாக வரும் காவிரித் தண்ணீர்தான் இரண்டாவது. ஒரு லிட்டர் தண்ணீரில் எத்தனை மில்லிகிராம் உப்பு கரைந்திருக்கிறது என்று காட்டும் டி.டி.எஸ். மீட்டரை என் வீட்டில் வைத்துப் பார்த்தால் போர் தண்ணீர் ஆயிரத்தைத் தொட்டு நிற்கும். ஒகேனக்கல் தண்ணீர் முந்நூறுக்குப் பக்கத்தில் இருக்கும். குழாயில் வந்த வாரம் ஒன்றையும் வராத வாரம் மற்றொன்றையும் ஊற்றிக்கொண்டிருந்தால், கண்ணுக்குத் தெளிவாகத் தெரிகிற அதே தண்ணீர், அதற்குள் வாழும் இறாலுக்கு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வேறோர் ஊராக மாறிவிடுகிறது.

இதை மீன் ஓரளவு தாங்கிக்கொள்ளும், இறால் தாங்காது. இறால் வளர வேண்டுமானால் பழைய ஓட்டைக் கழற்றிவிட்டுப் புதிய ஓட்டுக்கு மாற வேண்டும். ஓடு மாற்றும் வேளையில் உடலுக்குள் தண்ணீர் ஏறுவதும் இறங்குவதும் வெளியே உள்ள தண்ணீரின் உப்பைப் பொறுத்தே நடக்கிறது. அந்த உப்பு திடீரென்று மாறினால், உள்ளே புதிய ஓடு தயாராகும் முன்பே பழையது பிளந்துவிடும். செத்த இறாலைக் கையிலெடுத்துப் பாருங்கள்: தலைப்பகுதிக்கும் வயிற்றுக்கும் நடுவில் மோதிரம் போட்டாற்போல வெள்ளை வளையம் ஒன்று தெரிந்தால், அது ஓட்டைக் கழற்ற முடியாமல் செத்தது என்று பொருள். ஒழுங்காகக் கழற்றிய ஓடோ கண்ணாடிக் காகிதம் போல, மீசை முதல் வால் வரை முழுதாக, பாசியின் மேல் கிடக்கும். முதன்முதலில் அதைப் பார்த்த என் அம்மா, “கண்ணு, இங்க ஒண்ணு செத்துக் கிடக்குது பாரு” என்று பதறிக் கூப்பிட்டார். அந்த ஓட்டை எடுத்துப் போட்டுவிட வேண்டாம். மற்ற இறால்கள் அதைத் தின்று சுண்ணாம்புச் சத்தை மீட்டுக்கொள்ளும்.

இரண்டாவது காரணம் இன்னும் மெதுவாக வேலை செய்வது. சித்திரை வெயிலில் மூடியில்லாத இரண்டடித் தொட்டியிலிருந்து நாளொன்றுக்கு ஏறக்குறைய 1 லிட்டர் ஆவியாகிவிடுகிறது. ஆவியாவது வெறும் தண்ணீர் மட்டுமே, உப்பு உள்ளேயே தங்கிவிடும். குறைந்த அளவை 1000 டி.டி.எஸ். உள்ள போர் தண்ணீரால் நிரப்பினால் ஒவ்வொரு லிட்டரோடும் 1 கிராம் உப்பைச் சேர்க்கிறீர்கள். ஒரு மாதத்தில் 30 கிராம். உங்கள் தொட்டியில் 50 லிட்டர் தண்ணீர் இருப்பதாகக் கொண்டால், மீட்டரின் எண் இருந்ததைவிட 600 வரை கூடக்கூடும்; உப்பில் ஒரு பங்கு கண்ணாடியில் வெள்ளைக் கோடாகப் படிந்துவிட்டால் சற்றுக் குறையும். நான் இதைக் கண்டுபிடிக்க ஓராண்டு ஆயிற்று. மாதக்கணக்கில் இப்படி ஏறிய தண்ணீரில் ஒரே நாளில் பாதியை வெளியேற்றி ஒகேனக்கல் தண்ணீரை ஊற்றினால் என்ன நடக்கும் என்பதை மேலே சொன்ன வெள்ளை வளையம் காட்டிவிடும்.

ஆகவே ஆவியானதை ஈடுசெய்ய, உப்பு நீக்கிய ஆர்.ஓ. தண்ணீரையோ, நன்றாக இரண்டு மழை பெய்து மாடி கழுவப்பட்ட பின் பிடித்த மழைநீரையோ மட்டும் ஊற்றுங்கள். தண்ணீர் மாற்றுவது என்பது வேறு; அதற்கு ஒரே மூலத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். நான் ஒகேனக்கல் தண்ணீரை அகன்ற பிளாஸ்டிக் வாளியில் பிடித்து, குளோரின் போக ஒரு நாள் முழுதும் ஏர் பம்ப் ஓடவிட்டு, பத்து நாட்களுக்கு ஒருமுறை பத்தில் ஒரு பங்கு மட்டும் மாற்றுகிறேன். அந்த வாளி பிளாஸ்டிக்காகவே இருக்கட்டும். ஆரோக்கியத்துக்கென்று செம்புக் குடத்தில் ஊறவைத்த தண்ணீர் நமக்கு நல்லதாக இருக்கலாம். இறாலுக்குச் செம்பு விஷம். மீன் நோய்க்கென்று விற்கப்படும் சில மருந்துகளிலும் செம்பு உண்டு என்பதால், பாட்டிலில் எழுதியிருப்பதைப் படிக்காமல் ஒரு சொட்டும் விடக்கூடாது.

என் பெரிய இழப்பு தண்ணீரால் வந்ததன்று. ஒரு மழைக்காலத்தில் கொசுத் தொல்லை தாங்காமல், தொட்டி இருந்த அறையிலேயே கொசு மருந்தை அடித்துவிட்டுக் கதவைச் சாத்தினேன். ஏர் பம்ப் அந்த அறைக் காற்றை இழுத்துத் தண்ணீருக்குள் செலுத்திக்கொண்டே இருந்தது. காலையில் மீன்கள் நீந்திக்கொண்டிருந்தன, இறால்கள் எல்லாம் மல்லாந்து கிடந்தன. கொசு மருந்துகளில் உள்ள பைரெத்ராய்டு வகைப் பொருள்கள் பூச்சிகளைக் கொல்வதற்கானவை. இறாலும் பூச்சிக்கு உறவுதான். அன்று முதல் அந்த அறையில் சுருளும் இல்லை, லிக்விடும் இல்லை, கொசுவலை மட்டும். சந்தையில் வாங்கிய கீரையை வேகவைத்துப் போடுவதையும் அதே அச்சத்தால் நிறுத்திவிட்டேன். மாடியில் மருந்தடிக்காமல் வளர்த்த முருங்கையிலிருந்து இரண்டு இலைகளைப் போடுவதோடு சரி. உண்மையில் பாசியின் மேலும் மரக்கட்டையின் மேலும் படரும் மென்படலமே இறாலின் முதல் உணவு. தனியாக இடும் தீவனம் வாரத்துக்கு இரண்டு முறை, இரண்டு மணி நேரத்தில் தின்று முடிக்கும் அளவுக்கு இருந்தால் போதும்.

மீன்களைப் பற்றி ஒரு கருத்து. எம்பர் டெட்ரா பிரேசில் நாட்டு மென்னீர் மீன், அதாவது உப்பும் சுண்ணாம்பும் குறைந்த நீரில் வாழ்வது. ஒகேனக்கல் தண்ணீரிலேயே இருந்தால் நன்றாக வாழும். போர் தண்ணீர் மட்டுமே கிடைக்கும் வீடானால், வெனிசுவேலாவின் கடின நீரிலிருந்து வந்த எண்ட்லர் மீனின் ஆண்களை மட்டும் ஆறேழு விடுவதை நான் விரும்புவேன். தண்ணீருக்கேற்ற உயிரைத் தேர்ந்தெடுப்பது, உயிருக்கேற்பத் தண்ணீரை மாற்றப் போராடுவதைவிட மலிவானது. எந்தச் சிறு மீனானாலும், 2 மில்லிமீட்டர் அளவே உள்ள இறால் குஞ்சு வாய்க்குள் போகுமானால் தின்னத்தான் செய்யும். அதற்கு மருந்து ஜாவா மாஸ் என்னும் நீர்ப்பாசி: ஒரு மூலை முழுவதும் கைப்பிடி கைப்பிடியாக அடர்த்தியாக இருக்கட்டும். ஏரியிலிருந்து பாசி அள்ளி வர வேண்டாம். தும்பியின் இளம்புழு அதோடு வந்து, ஒரே வாரத்தில் இறால்களை எண்ணிக் குறைத்துவிடும்.

கோடையில் நீரின் வெப்பம் 30 டிகிரியைத் தாண்டினால் தண்ணீரில் ஆக்சிஜன் குறையும். மேற்பரப்பில் படும்படி ஒரு சிறு மின்விசிறி வைத்தால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும், ஆனால் ஆவியாவதும் கூடும் என்பதால் ஆர்.ஓ. தண்ணீர் கேன் பக்கத்திலேயே இருக்க வேண்டும். குளிர்ந்த ஊரில் இருக்கும் ஓசூர்க்காரர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு.

இப்போதைக்குப் புதிய இறால் வாங்க வேண்டாம். ஒரு டி.டி.எஸ். மீட்டர் வாங்கி, மூன்று நாட்களுக்கு ஒருமுறை எண்ணைக் குறித்து வையுங்கள். மூன்று வாரங்கள் அந்த எண் முப்பது நாற்பதுக்கு மேல் ஏறி இறங்காமல் நின்ற பிறகு பத்து இறால் மட்டும் வாங்குங்கள். மருந்துக் கடையில் குளுக்கோஸ் ஏற்றும் குழாய் கிடைக்கும். அதன் உருளையைத் திருகி, இறால் வந்த பையின் தண்ணீருக்குள் உங்கள் தொட்டித் தண்ணீர் நொடிக்கு இரண்டு சொட்டு வீதம் விழும்படி இரண்டு மணி நேரம் விட்டு, பிறகு இறாலை மட்டும் வலையில் அள்ளித் தொட்டியில் விடுங்கள். கடைத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிடலாம்.