ஆப் சூப்பர், கம்பெனி நட்டம்: பங்கு வாங்கலாமா?

கேள்வி: நான் தினமும் பயன்படுத்தும் டெலிவரி ஆப் ஒன்று, எனக்குத் தெரிந்த எல்லோர் போனிலும் இருக்கிறது. அந்தக் கம்பெனி பங்குச்சந்தைக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது. வருவாய் வருடாவருடம் இரட்டிப்பாகிறது, ஆனால் இதுவரை ஒரு காலாண்டில்கூட லாபம் இல்லை. "அமேசானும் முதலில் நட்டத்தில்தான் ஓடியது, இப்போது விட்டால் பிடிக்க முடியாது" என்கிறார் நண்பர். சேமிப்பில் பாதியைப் போடலாமா?

பதில்: பாதியெல்லாம் வேண்டாம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மீதியைப் படிக்காமல் போனாலும் பரவாயில்லை.

எல்லோர் போனிலும் இருக்கிறது என்றால் ஆப் நன்றாக இருக்கிறது, அவ்வளவுதான். நீங்கள் அனுபவிக்கிற தள்ளுபடியும் இலவச டெலிவரியும் முதலீட்டாளர் பணம், பங்கு வாங்கிவிட்டால் அதில் உங்கள் பணமும் சேர்த்தி.

நட்டம் என்பதைவிட எந்த மாதிரி நட்டம் என்பதுதான் முக்கியம். ஒரே ஒரு ஆர்டரை எடுத்துக்கொள்ளுங்கள். கமிஷனும் கட்டணமுமாகக் கம்பெனிக்கு 100 வருகிறது. கொண்டுபோய்க் கொடுப்பவருக்கு 70, பணம் செலுத்தும் வசதிக்கும் வாடிக்கையாளர் சேவைக்கும் 10, ஆக 20 மிஞ்சுகிறது. இந்த 20களைச் சேர்த்தாலும் இன்ஜினியர் சம்பளத்துக்கும் விளம்பரத்துக்கும் போதவில்லை, அதனால் நட்டம் என்றால் அது ஆர்டர் பெருகப் பெருகக் குறையக்கூடிய நட்டம். அதே ஆர்டரில் 40 தள்ளுபடியும் கொடுத்திருந்தால்? ஒவ்வொரு ஆர்டருக்கும் 20 கையைவிட்டுப் போகிறது, வியாபாரம் இரட்டித்தால் நட்டமும் இரட்டிக்கும். செல்லப்பிராணிப் பொருட்களை இணையத்தில் விற்ற அமெரிக்கக் கம்பெனி பெட்ஸ் டாட் காம் இப்படித்தான் அடக்க விலைக்கும் கீழே விற்றது, 2000 பிப்ரவரியில் பங்கு வெளியிட்டு அதே நவம்பரில் கடையைச் சாத்தியது. அதனால் வருவாய் இரட்டித்த அதே வருடத்தில் நட்டம் எவ்வளவு ஏறியது என்று பக்கத்திலேயே வைத்துப் பாருங்கள்.

பார்க்கும்போது 'அட்ஜஸ்டட் எபிட்டா' என்று தலைப்பில் போடும் லாபத்தை நம்பிவிடாதீர்கள். எபிட்டா என்றால் வட்டி, வரி, தேய்மானம் எல்லாம் கழிக்கும் முன் உள்ள லாபம்; 'அட்ஜஸ்டட்' என்று சேர்த்துவிட்டால் இன்னும் எதைக் கழிப்பது எதை விடுவது என்பதைக் கம்பெனியே முடிவு செய்கிற கணக்கு அது. அலுவலக இடத்தை வாடகைக்கு விடும் வீவொர்க் 2018இல் 'கம்யூனிட்டி அட்ஜஸ்டட் எபிட்டா' என்று ஒன்றைக் கொண்டுவந்து விளம்பரச் செலவு, நிர்வாகச் செலவைக்கூட ஒதுக்கிவிட்டு லாபம் காட்டியது. 2023 நவம்பரில் திவால். உண்மையில் கைக்கு வந்த, கையைவிட்டுப் போன பணத்தைக் காட்டும் ரொக்க ஓட்ட அறிக்கையில் இந்த விளையாட்டு கொஞ்சம் கஷ்டம். தொழிலை நடத்துவதில் மாதம் எவ்வளவு ரொக்கம் கரைகிறது, கையிருப்பு எவ்வளவு என்று பார்த்து, கையிருப்பை மாதம் கரைவதால் வகுத்தால் எத்தனை மாதம் தாங்கும் என்று தெரிந்துவிடும். ஒரு வருடம்தான் தாங்கும் என்றால் சீக்கிரமே கடன் வாங்குவார்கள் அல்லது புதுப் பங்கு வெளியிடுவார்கள். புதுப் பங்கு வந்தால் உங்கள் பங்கின் பாத்தியதை சுருங்கும். ஊழியர்களுக்குச் சம்பளத்தோடு பங்கும் கொடுக்கிறார்களா என்று சேர்த்துப் பாருங்கள். மொத்தப் பங்குகள் வருடம் 8 சதவீதம் கூடினால், 5 வருடத்தில் உங்கள் பாத்தியதை மூன்றில் இரண்டாகிவிடும்.

சரி, அமேசானுக்கு வருவோம். நண்பர் சொன்னது உண்மைதான். 1997இல் சந்தைக்கு வந்து, 2001 கடைசிக் காலாண்டில்தான் முதல் லாபம். ஆனால் அவர் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. 1999 டிசம்பரில் 100 டாலரைத் தாண்டிய பங்கு 2001இல் 6 டாலருக்கும் கீழே போனது. உச்சத்தில் வாங்கியவர் போட்ட பணத்தைத் திரும்பப் பார்க்க 2009 ஆகிவிட்டது, அதுவும் ஜெயித்த கம்பெனியில்! அது பிழைத்ததற்கும் காரணம் இருக்கிறது. வாடிக்கையாளரிடம் உடனே காசு, சப்ளையருக்குப் பல வாரம் கழித்துப் பாக்கி, போதாததற்குச் சந்தை சரிவதற்குக் கொஞ்சம் முன்னால், 2000 பிப்ரவரியில், 69 கோடி யூரோ கடன் பத்திரம் விற்றுக் கையில் வைத்திருந்தது. உங்கள் கம்பெனியிடம் இதில் எது இருக்கிறது என்று நண்பரைக் கேளுங்கள்.

விலையையும் பார்க்க வேண்டும். லாபமே இல்லாததால் சந்தை மதிப்பை (மொத்தப் பங்குகளின் விலை) வருட வருவாயால் வகுத்துப் பாருங்கள். 10 வந்தால், கம்பெனி செலவே செய்யாமல், வரியும் கட்டாமல், முழு வருவாயையும் 10 வருடம் உங்களுக்கே டிவிடெண்டாகக் கொடுத்தால்தான் போட்ட காசு திரும்பும். அமெரிக்கக் கம்ப்யூட்டர் கம்பெனியான சன் மைக்ரோசிஸ்டம்ஸின் தலைவர் ஸ்காட் மெக்நீலி, தன் கம்பெனிப் பங்கு விழுந்த பிறகு 2002இல் இதே கணக்கைப் போட்டுக் காட்டினார்.

இவ்வளவுக்கும் பிறகு ஆசை இருந்தால், மொத்தமும் போனாலும் தூக்கம் கெடாத தொகை மட்டும், என் கணக்கில் சேமிப்பில் 3, 4 சதவீதத்துக்கு மேல் வேண்டாம். அதையும் இப்போதே போடாதீர்கள். புதிதாகச் சந்தைக்கு வந்த கம்பெனியில் பழைய முதலீட்டாளர்களில் பலர் குறிப்பிட்ட காலம்வரை விற்க முடியாது, பெரும்பாலும் ஆறு மாதம். அது முடியும் நேரத்தில் விற்பனைக்கு வரும் பங்கு திடீரெனக் கூடும், விலை இறங்குவதும் உண்டு. உங்கள் கம்பெனிக்கு அந்தத் தேதி என்ன என்று பங்கு வெளியீட்டு ஆவணத்திலேயே இருக்கும். அதற்குள் இன்னும் ஒன்றிரண்டு காலாண்டு முடிவுகளும் வந்துவிடும், ஒரு ஆர்டர் கணக்கு எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.