காட்டில் கொட்டில் கட்டும் பிள்ளை எதைப் படிக்கிறாள்?

தங்கச்சி, உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான்: நோர்வேக்கு வந்து சில மாதங்கள், நான்கு வயது மகளை ஒஸ்லோவில் பார்னஹாகேயில், அதாவது இங்குள்ள பாலர் பள்ளியில், சேர்த்திருக்கிறீர்கள். வாரத்தில் ஒரு நாள் முழுவதும் காட்டுக்குக் கூட்டிப்போய், தடி பொறுக்கிக் கொட்டில் கட்ட விடுகிறார்கள். பிள்ளை சேறும் சகதியுமாக வருகிறாள். ஓர் எழுத்துகூடத் தெரியாது. அந்த நாளில் மட்டும் வீட்டில் மறித்து எழுதப் பழக்கலாமா?

வேண்டாம். அவள் அதிகம் படிக்கும் நாளையே நிறுத்தப் பார்க்கிறீர்கள்.

முடிந்தால் ஒரு நாள் கூடப்போய்ப் பாருங்கள். தன்னைவிட நீளமான தடியைத் தனியாக இழுத்தால் அது மரங்களுக்கிடையே சிக்கும். இருவர் பிடித்தால் ஒருவர் வேகத்துக்கு மற்றவர் நடக்க வேண்டும், திரும்பும்போது யார் முன்னே என்று முடிவுசெய்ய வேண்டும். நெட்டுக்குத்தாக நிறுத்திய தடி விழுகிறது. மூன்றைச் சாய்த்து உச்சியில் கோத்தால் நிற்கிறது. அதிகம் சாய்த்தால் அடி வழுக்குகிறது. இதை யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. விழுந்த தடியே சொல்கிறது, அழுதாலும் அது இரங்காது. பெரிய பிள்ளைகள் ஊசியிலைக் கொப்புகளைக் கிடுகு வேய்வதுபோல் கீழிருந்து மேலே அடுக்குவதையும் பார்த்திருக்கிறேன். மேலிருந்து அடுக்கிய இடத்தில் மழை ஒழுகியிருக்கும்.

மொழியும் அங்கேதான் வருகிறது. வட்டமாக உட்கார்ந்திருக்கும்போது வாய் திறக்காத பிள்ளை, பாரம் கையில் இருக்கும்போது பேசித்தான் ஆக வேண்டும். என் மகனின் நாவில் முதலில் சரளமாக வந்த நோர்வீஜியச் சொற்கள் ‘பிடி’, ‘விடாதே’, ‘அந்தப் பக்கம்’.

இது ஆசிரியர்கள் பொழுதுபோக்குக்காகச் செய்வதன்று. பார்னஹாகேகளுக்கென 2017இல் நடைமுறைக்கு வந்த தேசியச் சட்டகத் திட்டத்தில் ‘எண், வெளி, வடிவம்’, ‘இயற்கை, சுற்றுச்சூழல், தொழில்நுட்பம்’ இரண்டும் தனித்தனிப் பாடப்பரப்புகள். ஒரு கொட்டிலில் இரண்டும் வந்துவிடுகின்றன. இங்குன் ஃபியோர்டொஃப்ட் என்ற ஆய்வாளர் காட்டில் விளையாடிய 5 முதல் 7 வயதுப் பிள்ளைகளை வழக்கமான விளையாட்டிடத்துப் பிள்ளைகளோடு ஒப்பிட்டார். காட்டுப் பிள்ளைகளின் உடற்சமநிலையும் அசைவு ஒருங்கிணைப்பும் கூடுதலாக வளர்ந்திருந்ததை 2001இல் எழுதினார். எழுத்துக்கு அவசரமில்லை, இங்கே பள்ளிக்கூடம் தொடங்குவதே ஆறு வயதாகும் ஆண்டில்தான்.

எல்லா நாளும் அப்படி அமையும் என்று சொல்லமாட்டேன். குளிரில் விறைத்துச் சும்மா நிற்கும் நாள்களும் உண்டு. கூச்சமுள்ள பிள்ளை ஓரத்தில் நின்றுவிடுவதும் உண்டு. பெற்றோர் சந்திப்பில் ‘என்ன படித்தாள்?’ என்று கேட்காதீர்கள். ‘யாரோடு சேர்ந்து கட்டுகிறாள்?’ என்று கேளுங்கள்.

விறைப்பதற்குக் காரணம் பெரும்பாலும் உடுப்பு. பருத்தி உள்ளாடை வியர்வையை உறிஞ்சிக்கொண்டு உடம்பைக் குளிராக்கும். உள்ளே கம்பளி, மேலே மழையுடை, பையில் இன்னொரு சோடிக் கையுறை. இளவேனில் முதல் இலையுதிர் காலம்வரை, காட்டிலிருந்து வந்த மாலையில் அக்குள், முழங்கால் மடிப்பு, தலைமயிரோரம் எல்லாம் உண்ணி கடித்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் சாமணத்தால் தோலோடு ஒட்டிப் பிடித்து இழுத்தெடுங்கள். கொஞ்சம் வளர்ந்ததும் கையில் கத்தியும் கொடுப்பார்கள், பதறாதீர்கள். உட்கார்ந்துதான் சீவ வேண்டும், உடம்புக்கு வெளிப்புறமாகத்தான் சீவ வேண்டும் என்பதை முதலிலேயே பழக்கிவிடுவார்கள்.

வார இறுதியில் நீங்களும் ஒஸ்லோவுக்குக் கிழக்கே உள்ள ஒஸ்ட்மார்க்கா காட்டுக்குக் கூட்டிப்போகலாம். 1957ஆம் ஆண்டின் வெளிப்புற வாழ்வுச் சட்டப்படி காட்டில் நடமாட எல்லாருக்கும் உரிமையுண்டு. ஆனால் உயிருள்ள மரத்தை வெட்டக் கூடாது. விழுந்து கிடப்பதை மட்டும் எடுங்கள். ஏப்ரல் 15 முதல் செப்டெம்பர் 15 வரை காட்டிலோ அதன் அருகிலோ தீ மூட்டுவதற்குப் பொதுத்தடை உண்டு. யாரோ பாதியில் விட்டுப்போன கொட்டில்கள் பாதையோரத்தில் கிடக்கும். அவளை அதிலிருந்தே தொடங்க விடுங்கள், நீங்கள் கைவைக்காதீர்கள்.

தமிழ் எழுத்துதான் கவலையென்றால் அதற்கு வார இறுதித் தமிழ்ப் பள்ளி இருக்கிறது. இப்போதே பெயரைப் பதிந்துவிடுங்கள்.