இரைச்சலுக்குள் ஒரு மெட்டு

கேள்வி: நருட்டோ என்ற அனிமே (ஜப்பானிய கார்ட்டூன்) தொடரின் தொடக்கப் பாட்டாக வந்த 'ஹருகா கனாட்டா' வழியாகத்தான் ஏசியன் குங்ஃபூ ஜெனரேஷன் என்ற ஜப்பானிய ராக் குழு எனக்கு அறிமுகம். தேடித் தேடிக் கேட்டதில் பாதி பிடித்தது, பாதி இரைச்சலாகப் பட்டது. மொழி புரியாமல் என்ன பாட்டு வேண்டிக்கிடக்கிறது என்று அண்ணன் வேறு கிண்டல் செய்கிறான். மெட்டு நன்றாக இருக்கும் பாட்டுகளைச் சொல்லுங்களேன். கிட்டார் கற்க ஆரம்பித்திருக்கிறேன், எதை முதலில் வாசிக்கலாம்?
- கல்லூரி மாணவி ஒருவர்

பதில்: அண்ணன் பேச்சை விடுங்கள். அவரும் 'ஆ ஆ' என்று வரும் ஆலாபனைக்கு அகராதி தேடியிருக்க மாட்டார்.

உங்களுக்கு இரைச்சலாகப் படுவதற்குக் காரணம் இருக்கிறது. அனிமே தொடக்கம் என்றால் ஒன்றரை நிமிடத்தில் ஆளைப் பிடித்து உட்கார வைக்க வேண்டும். 'ஹருகா கனாட்டா', 'ரீரைட்', பிளீச் தொடரில் வந்த 'ஆஃப்டர் டார்க்' எல்லாம் அந்த வேகத்தில் ஓடுபவை. அவற்றை மட்டும் அடுத்தடுத்துக் கேட்டால் யாருக்கும் காது சலிக்கும். 'ரீரைட்' பாட்டை டிவியில் வந்த துண்டாக இல்லாமல் முழுசாகக் கேளுங்கள். நடுவில் சட்டென்று வேகம் தளர்ந்து ரெக்கே (ஜமைக்காவின் நிதானமான தாள இசை) மாதிரி ஒரு பகுதி வரும். அதைக் கடந்து பல்லவி திரும்பும்போது, அதே கத்தல் வேறு மாதிரி கேட்கும்.

1996-இல் யோகோஹாமாவின் கான்டோ காகுயின் பல்கலைக்கழகத்தில் குழுவாக ஒன்றுசேர்ந்த நான்கு மாணவர்கள் இவர்கள். ரசிகர்களுக்கு 'அஜிகன்'. பாடுவதும் பெரும்பாலான பாட்டுகளை எழுதுவதும் மசாஃபுமி கோட்டோ. வீசர், ஒயாசிஸ் என்ற ராக் குழுக்களைக் கேட்டு வளர்ந்தவர், அதனால் எவ்வளவு கத்தினாலும் மெட்டை விட மாட்டார். நீங்கள் கவனிக்க வேண்டியது இன்னொருவரை: இன்னொரு கிட்டார் கலைஞர் கென்சுகே கிட்டா. கோட்டோவின் கிட்டார் கார்டுகளை (chords, ஒன்றாக ஒலிக்கும் ஸ்வரக் கூட்டங்களை) நிரப்பிக்கொண்டு போக, கிட்டாவின் கிட்டார் அதன் மேல் தனியாக ஒரு மெட்டைப் பாடும். ஹெட்ஃபோனில் அதை மட்டும் பின்தொடர்ந்து பாருங்கள், இரைச்சல் தானாக விலகும்.

இதற்கு நல்ல இடம் 2004-இல் வந்த 'சோல்ஃபா' ஆல்பம். 'கிமி நோ மாச்சி மடே' முதல் தடவையே ஒட்டிக்கொள்ளும். 'சைரன்' கொஞ்சம் இருண்ட பாட்டு, எனக்கு அதுதான் இந்த ஆல்பத்தின் உச்சம். 'கைகன் தோரி' நிதானமாக விரியும். அதையே அண்ணனுக்குப் போட்டுக் காட்டலாம். 2016-இல் மொத்த ஆல்பத்தையும் மறுபடி பதிவு செய்தார்கள். பழையதன் அவசரம் எனக்குப் பிடிக்கும். ஆனால் 'ரீ:ரீ:' மட்டும் புதியதில் கேளுங்கள், எராஸ்டு என்ற அனிமே தொடருக்குப் பயன்பட்ட பாட்டு அது.

அப்புறம் 'சர்ஃப் புங்காக்கு காமகுரா'. இது எனக்கு ரொம்பப் பிடித்த ஆல்பம், கொஞ்சம் நீட்டிச் சொன்னால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஃபுஜிசாவாவிலிருந்து காமகுரா வரை கடலோரமாக எனோடென் என்ற குட்டி ரயில் ஓடுகிறது. தூரம் 10 கிலோமீட்டர், 15 நிலையங்கள். பாட்டுகளின் பெயர்களில் இந்த நிலையங்கள் வரும்: 'ஃபுஜிசாவா லூசர்' என்று கிளம்பி, 'எனோஷிமா எஸ்கார்' வழியாக 'காமகுரா குட்பை' வரை. 2008-இல் வந்தபோது 10 பாட்டுகள்தான், ஐந்து நிலையங்கள் விடுபட்டிருந்தன. 2023-இல் அவற்றுக்கும் பாட்டு போட்டு முழுப் பாதையையும் முடித்துவிட்டார்கள். பெரிய சோகம், பெரிய தத்துவம் எதுவும் தலையில் ஏற்ற மாட்டார்கள். நேரடியான, வெளிச்சமான ராக். முழுப் பதிப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். தயவுசெய்து ஷஃபிளில் போடாதீர்கள், நிலைய வரிசை குழம்பிவிடும்.

'கொரோகாரு இவா, கிமி நி ஆசா கா ஃபுரு' பாட்டையும் விட்டுவிடாதீர்கள். 2008-இல் வந்தது. 2022-இல் 'போச்சி தி ராக்' அனிமேயின் கடைசி எபிசோடில் கதாநாயகி குரலில் மறுபடி ஒலித்தது. அந்தக் கதையின் நான்கு பெண்களுக்கும் கோட்டோ, கிட்டா, யமடா, இஜிச்சி என்று இந்தக் குழுவினரின் குடும்பப் பெயர்களையே வைத்திருக்கிறார்கள்.

கிட்டாருக்கு வருவோம். 'ஹருகா கனாட்டா'வை இப்போதே தொடாதீர்கள், கை வலிதான் மிச்சமாகும். 'சோலனின்' எடுங்கள். இனியோ அசானோவின் மங்காவில் (ஜப்பானிய காமிக்ஸில்) வரிகளாக மட்டும் இருந்த பாட்டு இது. 2010-இல் அது படமானபோது அஜிகன் மெட்டமைத்தது. கதையில் அதைப் பாடுவது கிட்டாரைப் புதிதாகக் கையில் எடுத்த ஒரு பெண்தான். முதல் வாரம் கிட்டாவின் பகுதியை மறந்துவிட்டு, கார்டுகளை மட்டும் மெதுவாக அடித்துக்கொண்டு கூடவே பாடிப் பாருங்கள்.